டொக்டரிடம் கேளுங்கள்: பெரிய எண் புற்றுநோயின் மூலத்தைச் சொல்லுமா?

கேள்வி: அம்மாவுக்கு 57 வயது, தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். வயிறு ஊதிக்கொண்டே வந்தது. தண்ணீர் எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் செல் இருக்கிறதாம். எங்கே தொடங்கியது என்று ஸ்கேனில் தெரியவில்லை. அண்ணன் தனியார் லேப் ஒன்றில் இரத்தத்தில் புற்றுநோய்க் குறிகளை (மார்க்கர்) சோதித்தார்: சீ.ஏ. 125 – 640, சீ.ஏ. 19-9 – 52, சீ.ஈ.ஏ. சரி. "சூலகம்தான், உடனே மருந்து ஏற்றச் சொல்லு" என்கிறார். டொக்டர் பயொப்சி (சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது) வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு மகள், தலவாக்கலை

பதில்: டொக்டர் சொல்வதைக் கேளுங்கள், மகள். அண்ணன் நினைப்பது சரியாகவும் இருக்கலாம், ஆனால் அந்த 640 மட்டும் அதற்குப் போதாது. சீ.ஏ. 125இன் எல்லை 35. வயிற்றின் உட்சவ்வு உறுத்தப்பட்டாலே அது ஏறும். ஈரல் கெட்டுத் தண்ணீர் கட்டினாலும் வயிற்றுக் காசநோயிலும் நூற்றுக்கணக்கில் போகும். இரைப்பை, கணையப் புற்றுநோய் வயிற்றில் பரவினாலும் இதே போல வரலாம். 19-9இன் 52ஐப் பெரிதாக எடுக்க வேண்டாம், பித்தக் குழாய் அடைத்தாலே அதைவிட ஏறும்.

மலையக ஆஸ்பத்திரிகளில் வேலை செய்த காலத்தில் எனக்கு மிகவும் வேதனை தந்தது இதுதான். சம்பளக் காசைக் கொட்டி ஐந்தாறு மார்க்கர் ரிப்போர்ட்டோடு வருவார்கள், பயொப்சி மட்டும் செய்திருக்க மாட்டார்கள்.

இடத்தைக் காட்டுவது சதைத் துண்டுதான். அதில், செல் எந்த உறுப்பிலிருந்து வந்தது என்று காட்டும் இம்யூனோ சாயங்கள் போட்டுப் பார்ப்பார்கள். சீ.கே. 7, பாக்ஸ் 8, டபிள்யூ.டி. 1 என்ற மூன்று சாயங்களும் பிடித்தால், ஸ்கேனில் சூலகத்தில் ஒரு குறையும் தெரியாவிட்டாலும், சூலகப் புற்றுநோய் போலவே வைத்தியம் செய்வார்கள்: கார்போபிளாட்டின், பக்லிடாக்ஸல் மருந்துகள், முடிந்தால் ஒபரேஷனும். இந்த வகை மருந்துக்கு நன்றாகவே கட்டுப்படும். சீ.கே. 20, சீ.டி.எக்ஸ். 2 பிடித்து சீ.கே. 7 பிடிக்காவிட்டால் பெருங்குடலைச் சந்தேகிக்க வேண்டும், அதற்கு மருந்தே வேறு. அவசரப்பட்டுத் தவறான மருந்தை ஏற்றினால் அம்மாவின் பலம்தான் வீணாகும்.

இரத்தக் குறியே வழியைத் திருப்பும் நேரங்களும் உண்டு. புற்றுநோய் எலும்பில் பரவிய ஆணுக்கு, புரஸ்டேட் சுரப்பியின் குறியான பீ.எஸ்.ஏ. பார்த்தே ஆகவேண்டும். இளைஞனுக்கு நெஞ்சின் நடுவிலோ வயிற்றின் பின்புறமோ கட்டி என்றால் ஏ.எஃப்.பீ., எச்.சீ.ஜீ. என்ற குறிகளைப் பார்க்காமல் விடக்கூடாது. அவை காட்டிக்கொடுக்கும் ஜெர்ம் செல் கட்டி, பரவியிருந்தாலும் மருந்தாலேயே பலருக்குக் குணமாகிற நோய்.

அண்ணன் எடுத்த ரிப்போர்ட்டை எறிந்துவிடாதீர்கள். சூலக வகை என்று உறுதியானால், மருந்து தொடங்கியபின் எண் இறங்குகிறதா என்று பார்க்க அந்த 640 உதவும். அதுவரை மறுபடி மறுபடி சோதித்துக் காசு கரைக்க வேண்டாம். சோதிக்கும்போது அதே லேப்பில் சோதியுங்கள்.

பயொப்சிக்குத் திகதி கேளுங்கள். கண்டிக்கோ மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ மாற்றினால் ரிப்போர்ட்டோடு பயொப்சி ஸ்லைடும் சதைத் துண்டு பதித்த மெழுகுக் கட்டியும் கூடவே போகட்டும். அதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் அந்தத் திகதி வரை காத்திருக்காமல் வார்டுக்குக் கூட்டிப் போய்த் தண்ணீரை எடுத்துவிடச் சொல்லுங்கள்.