வாரத்து நிலத்தில் விளைச்சல் குறைவது ஏன்?

இரண்டு ஏக்கரை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தரும் ஏற்பாட்டில் எடுத்தும், பக்கத்தில் சொந்த நிலத்தில் பயிரிடுபவர் அளவுக்கு விளையவில்லை, நிலம் சிறியதுதான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். அளவின் மேல் பழி போடாதீர்கள். சிறு பண்ணைகளில் ஏக்கருக்கு விளைச்சல் கூடுதலாக இருப்பதை பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1962லேயே இந்தியப் பண்ணைக் கணக்குகளை வைத்து எழுதினார். வீட்டு ஆட்களே இறங்கிக் களை பறிப்பார்கள் அல்லவா!

எனக்கு உங்கள் வார முறைதான் இடிக்கிறது. பாதி விளைச்சல் நிலக்காரருக்கு, உரச் செலவு முழுக்க உங்களுக்கு என்றால் கை தானாகச் சுருங்கும். போதாக்குறைக்கு வருடா வருடம் வெறும் வாய்ப்பேச்சு ஒப்பந்தம். இன்று கொட்டும் தொழுவுரம் அடுத்த பருவங்களுக்கும் பலன் தரும். அதுவரை நிலம் உங்களிடம் இருக்குமா?

சரி, செலவையும் பாதியாகப் பகிரக் கேளுங்கள். இல்லாவிட்டால் விளைச்சல் எப்படியிருந்தாலும் அளவு மாறாத குத்தகை, மூன்று வருடம், எழுத்தில். மழை பொய்த்தால் அதில் நஷ்டம் முழுக்க உங்கள் தலையில்தான், அதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.