மாலையில் கறுக்கும் செம்பருத்தி: கண் கேள்வி-பதில்

இந்த மாதம் நிறத்தைப் பற்றித்தான் அதிகக் கடிதங்கள். வயது, கண்ணாடி பவர், தொந்தரவு எத்தனை நாளாக என்பதையெல்லாம் எழுதச் சொல்லி அலுத்துவிட்டேன். சரி, எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன்.

கே: பொழுது சாயும்போது வீட்டுச் செம்பருத்தி கறுத்துத் தெரிகிறது, இலை மட்டும் வெளிறித் தெரிகிறது. கண்ணில் கோளாறா?

இல்லை. வெளிச்சம் குறையக் குறைய, விழித்திரையில் நிறம் காட்டும் கூம்பு செல்கள் ஓய்ந்து, மங்கல் வெளிச்சத்துக்கான குச்சி செல்கள் வேலைக்கு வரும். அவற்றுக்குச் சிவப்பு அநேகமாக எட்டாது. ஒளியின் அலைநீளம் 500 நானோமீட்டர் பக்கம், அதாவது நீலப்பச்சையில்தான் அவை கூர்மை. புர்க்கின்யே என்ற செக் விஞ்ஞானி 1825-லேயே இதை எழுதிவைத்துவிட்டார்.

கே: கடையில் அரக்காக இருந்த புடவை வீட்டில் பழுப்பாக இருக்கிறது. மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் உங்கள் வீட்டு பல்பைப் பாருங்கள். மலிவான வெள்ளை எல்இடியில் ஆழ்ந்த சிவப்பு குறைச்சல், அதன் கீழே அரக்கு செத்துத்தான் போகும். விளக்கின் நிறத்தை மூளை கழித்துக்கொள்ளும், ஆனால் விளக்கில் இல்லாத சிவப்பை எங்கிருந்து கொண்டுவரும்? புடவையை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் விரித்துப் பாருங்கள். வாட்ஸ்அப் படம் பார்த்து எடுத்திருந்தால் பேச்சே இல்லை. திரையை நம்பாதீர்கள்.

கே: நாய்க்குக் கறுப்பு வெள்ளைதான் தெரியுமாமே?

நீலமும் மஞ்சளும் நன்றாகவே தெரியும். புல்லில் சிவப்புப் பந்தை எறிந்துவிட்டு அதைத் திட்டாதீர்கள்.

கே: டிவியில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மட்டும்தானே? மஞ்சள் எப்படி வருகிறது?

வரவே இல்லை. சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால், அசல் மஞ்சள் ஒளி பட்டதுபோலவே கூம்பு செல்கள் சேதி அனுப்பும். எது அசல் என்று மூளையால் பிரிக்க முடியாது.

கே: மகனுக்கு 9 வயது. இலைக்குப் பழுப்பு அடிக்கிறான். போனில் டெஸ்ட் வைத்ததில் நிறக்குருடு என்று வந்தது. கணவர் தன் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்கிறார். நிறம் தெரியவைக்கும் கண்ணாடி வாங்கலாமா?

முதலில், 'குருடு' என்று அவன் காதுபடச் சொல்லாதீர்கள். அவனுக்குப் பார்வை கூர்மையாகவே இருக்கலாம். மூன்று வகைக் கூம்பு செல்களில் ஒன்று இல்லை அல்லது பிசகியிருக்கிறது, அவ்வளவுதான். வானத்துக்கு ஊதா அடித்ததற்காக அடி வாங்கிய பையனை எனக்குத் தெரியும். வேண்டுமென்றே செய்கிறான் என்று அந்தப் பள்ளியில் சாதித்தார்கள்.

கணவர் சொல்வது சரி, ஆனால் பயனில்லை. சிவப்பு, பச்சைக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, மகனுக்கு அது வருவது தாயிடமிருந்து. உங்கள் அப்பாவை, அண்ணன் தம்பியை விசாரியுங்கள். பிள்ளையின் தப்போ உங்கள் தப்போ இல்லை, சண்டையை விடுங்கள்.

கண்ணாடிக்கு வருகிறேன். போட்டவுடன் அழுகிற விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அது வெறும் வடிகட்டி. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவிலுள்ள கொஞ்சம் ஒளியை வெட்டிவிடுவதால் சில நிறங்கள் விலகித் தெரியும், வேறு சில குழம்பும். கூம்பு செல்லில் ஒளியை வாங்கும் நிறமி இல்லையென்றால் எந்தக் கண்ணாடியும் அதை உண்டாக்காது. காசைக் கரியாக்காதீர்கள்.

டால்டன் என்ற வேதியியல் அறிஞருக்கே இந்தக் குறை. 1794-இல் அதைப் பற்றி விளக்கினார். தன் கண்ணுக்குள் நீல நீர் இருப்பதுதான் காரணம் என்று நம்பினார். செத்த பிறகு அறுத்துப் பார்த்தால் தெளிவான நீர்தான். பாதுகாத்துவைத்த கண்ணை 1995-இல் மரபணுச் சோதனை செய்தபோதுதான் பச்சைக்கான நிறமி இல்லை என்று தெரிந்தது.

போன் டெஸ்டைக் கணக்கில் எடுக்காதீர்கள் (மறுபடியும், திரையை நம்பாதீர்கள்). வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும், அச்சிட்ட இஷிஹாரா புத்தகத்தில் மருத்துவர் பார்க்கட்டும். பென்சில்களில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுங்கள், டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். ரயில் ஓட்டுவது போன்ற சில வேலைகள் கிடைக்காது என்பதை அவன் பிளஸ் டூவுக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கே: புரை ஆபரேஷனுக்குப் பின் எல்லாம் நீலம் பூத்துத் தெரிகிறது.

இத்தனை வருஷம் கண்ணுக்குள்ளேயே மஞ்சளித்த லென்ஸ் வழியாகப் பார்த்தீர்கள். இப்போதுதான் நீலம் முழுசாக உள்ளே வருகிறது. மூளை கொஞ்ச நாளில் பழகிவிடும்.

கே: ஒரு வாரமாக ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு வெளுத்துத் தெரிகிறது. நல்ல சொட்டு மருந்து சொல்லவும்.

சொட்டு மருந்தா? பார்வை நரம்பில் அழற்சி இருந்தால் இப்படித்தான் தொடங்கும். வயதுகூட எழுதவில்லை நீங்கள். இதைப் படித்ததும் கிளம்பிக் கண் மருத்துவரிடம் போங்கள்.