வரைபடம் தப்பில்லை, வையனாயே மலை தாண்டியும் போகும்

ஹவாயின் ஒவாஹு தீவின் பழைய வரைபடத்தில் வையனாயே பகுதியின் எல்லை மலையைத் தாண்டிக் கிழக்கே நீள்வது அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க, சரியாகத்தான் இருக்கிறது. தீவின் 6 மோக்குகளில் (பெரும் நிலப்பிரிவு) ஒன்றான வையனாயே, வறண்ட மேற்குக் கரையோடு நிற்பதில்லை. கோலேகோலே கணவாய்க்கு அப்பாலுள்ள மேட்டுநிலத்தையும் சேர்த்துக்கொண்டு எதிரே கூலாவ் மலைமுகடு வரை போகும். அந்த மேட்டுத் துண்டுதான் வையனாயே ஊக்கா. ஹவாய் மொழியில் 'ஊக்கா' மலைப்பக்கம், 'காய்' கடல்பக்கம். இன்றைய ஸ்கோஃபீல்ட் ராணுவ முகாம் அங்கேதான் இருக்கிறது.

உங்களைக் குழப்பியது, மலையுச்சியிலிருந்து கடல்வரை பலாச்சுளை மாதிரி வரைந்து காட்டும் படமாக இருக்கும். அது மோக்குக்குள் வரும் அஹுபுவாஆ என்ற உட்பிரிவின் படம். (அஹு கற்குவியல், புவாஆ பன்றி. எல்லைக் கற்குவியல்மேல் பன்றியுருவம் வைப்பார்களாம்!) அதிலும் எல்லாமே கடலைத் தொடுவதில்லை.