கிலோவுக்கும் நியூட்டனுக்கும் என்ன சண்டை?

வாசகர் கேள்வி – பதில்

இந்த வாரம் வந்தவற்றில் பாதிக்கு மேல் இயற்பியல் கேள்விகள். பரீட்சை நெருங்குகிறது போல.

நிறை, எடை இரண்டும் ஒன்றுதானே? ஏன் இரண்டு வரையறை எழுதச் சொல்கிறார்கள்?
– பத்தாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி

ஒன்றில்லை அம்மா. ஆனால் நீ குழம்பியதில் தப்பே இல்லை, நம் ஊரில் யாருமே 'நெல்லை நிறை பார்த்தாச்சா' என்று கேட்பதில்லை, எடைதான் போடுகிறோம். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை பார்த்திருப்பாய். அந்த 40 கிலோ என்பது மூட்டைக்குள் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதற்கான கணக்கு. அது நிறை, எங்கே கொண்டுபோனாலும் மாறாது. அந்த மூட்டையைப் பூமி எவ்வளவு விசையோடு கீழே இழுக்கிறதோ அதுதான் எடை: 40-ஐ 9.8-ஆல் பெருக்கினால் 392 நியூட்டன். அதே மூட்டையை நிலாவில் எலெக்ட்ரானிக் தராசில் வைத்தால் ஏழு கிலோ கூடக் காட்டாது, ஏனென்றால் அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான். ஆனால் பழைய இரட்டைத் தட்டுத் தராசைக் கொண்டுபோனால் அங்கேயும் 40 கிலோதான், படிக்கல்லுக்கும் சேர்த்துத்தானே ஈர்ப்பு குறைகிறது!

என் பள்ளிக் காலத்தில் எடைக்குக் கிலோ என்று எழுதி ஒரு மதிப்பெண் போனது. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்: வரையறை மறந்துபோனால் அலகைப் பார். எது எதனால் அளக்கப்படுகிறது என்று அலகே சொல்லிவிடும்.

மேட்டூரில் இத்தனை அடி, இத்தனை டி.எம்.சி., இத்தனை கன அடி என்று செய்தியில் சொல்கிறார்கள். மகன் மூன்றுக்கும் வித்தியாசம் கேட்கிறான், எனக்கே சரியாகத் தெரியவில்லை.
– விவசாயி, ஒரத்தநாடு

உங்களுக்குத் தெரியாமல் இருக்காது ஐயா, செய்தி வாசிப்பவர்கள் ஒரு சொல்லை விழுங்கிவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். 'பத்தாயிரம் கன அடி திறப்பு' என்றால் அது *வினாடிக்கு* பத்தாயிரம் கன அடி. அந்த 'வினாடிக்கு' போய்விட்டால் பொருளே மாறிவிடும். டி.எம்.சி. என்பது கன அளவு: நூறு கோடி கன அடி, லிட்டரில் சொன்னால் சுமார் 2,830 கோடி. வினாடிக்குக் கன அடி என்பது ஓட்டத்தின் வீதம். குதிரில் எவ்வளவு நெல் இருக்கிறது என்பது ஒன்று, அதன் வாயிலிருந்து எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்பது வேறு.

இரண்டையும் கோர்த்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. வினாடிக்குப் பத்தாயிரம் கன அடி விட்டால் ஒரு நாளில் 0.864 டி.எம்.சி. போகும். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வரத்தே இல்லாமல், அணையில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் விட்டாலும் (நடக்காது, கணக்குக்காகச் சொல்கிறேன்) 108 நாள் வரும். ஆடுதுறை 43 நெல் ரகத்துக்கு வயது 110 நாள். ஜூன் 12 திறப்பு என்றதும் நீங்கள் ஏன் அணையில் உள்ளதை மட்டும் பார்க்காமல் குடகில் மழை உண்டா என்றும் விசாரிக்கிறீர்கள் என்பதற்கு இந்த ஒரு வகுத்தல் போதும்.

அப்புறம் அந்த 120 அடி. அது வெறும் உயரம். தண்ணீர் தேங்கும் பள்ளம் அடியில் குறுகி மேலே அகன்று இருப்பதால் 60 அடி என்றால் பாதித் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது, பாதிக்கும் மிகக் குறைவு. ஆனால் சுவரின் அடியில் தண்ணீர் தரும் அழுத்தம் இருக்கிறதே, அதற்கு இந்த உயரம் மட்டும்தான் கணக்கு, எத்தனை டி.எம்.சி. என்பது அதற்குத் தேவையே இல்லை.

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றால் 'வேலை பூஜ்யம்' என்கிறதே புத்தகம்? என் அப்பா சுமை தூக்குகிறவர். அவரிடம் சொன்னால் அடிப்பார்.
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், நீடாமங்கலம்

அடிக்கட்டும். இயற்பியலில் வேலை என்றால் விசையும், விசையின் திசையில் இடப்பெயர்ச்சியும் சேர்ந்து இருக்க வேண்டும். 40 கிலோவை ஒன்றரை மீட்டர் தூக்கும்போது 588 ஜூல் வேலை நடக்கிறது. அப்படியே நிற்கும்போது மூட்டை நகரவில்லை, அதனால் மூட்டையின் மீது வேலை பூஜ்யம். ஆனால் அப்பாவின் தசைநார்கள் ஓயாமல் சுருங்கிக்கொண்டே இருக்கின்றன, ஆற்றல் செலவாகி வெப்பமாகிறது, அதுதான் வியர்வை. எனவே 'மூட்டையின் மீது' என்பதைச் சேர்த்துச் சொல், தப்பித்துவிடலாம்.

அதே 588 ஜூலை இரண்டு வினாடியில் முடித்தால் திறன் 294 வாட். பத்து வினாடி எடுத்தால் 59 வாட்கூட இல்லை. வேலை ஒன்று, திறன் வேறு. உங்கள் பக்கத்துப் பம்புசெட்டில் 5 ஹெச்.பி. என்று எழுதியிருப்பது திறன், 3,730 வாட். மின்சார 'யூனிட்' ஆற்றல். வயலுக்கு இலவச மின்சாரம் என்பதால் இந்த வித்தியாசம் நம் பையில் உறைப்பதில்லை.

நிலைமம் என்ற சொல்லே வாயில் நுழையவில்லை. எளிமையாகச் சொல்லுங்கள்.
– பிளஸ் ஒன் மாணவன், திருவாரூர்

திருவாரூரில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி? தேர் 'நிலைக்கு வந்தது' என்று சொல்கிறீர்களே, அந்த நிலைதான். நிற்பது நின்றுகொண்டே இருக்கும், ஓடுவது நேராக, அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், வெளியிலிருந்து விசை வரும் வரை. இதற்குத் தனி அலகு கிடையாது, நிறைதான் இதன் அளவு. ஆழித்தேர் சுமார் 300 டன் என்பார்கள், அதனால்தான் முதல் அசைவுக்கு அவ்வளவு பேர், அவ்வளவு ஆரவாரம். கிளம்பிய பிறகு வடம் கொஞ்சம் லேசாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, நிற்கும்போதுள்ள உராய்வு நகரும்போது குறைகிறது. நிறுத்துவது அதைவிடப் பெரிய பாடு, முட்டுக்கட்டைக்காரர்களைக் கேள்.

உந்தத்தையும் (நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது) இதிலேயே முடித்துவிடலாம். 300 டன் தேர் வினாடிக்கு அரை மீட்டர் ஊர்ந்தால் அதன் உந்தமும், மணிக்கு 54 கிலோமீட்டரில் வரும் 10 டன் பஸ்ஸின் உந்தமும் சரிசமம். போட்டுப் பார். ஆனால் இயக்க ஆற்றலில் பஸ் 30 மடங்கு. ஏன் என்று நீயே கண்டுபிடித்து எழுது.

சுருதியும் அதிர்வெண்ணும் ஒன்றா?
– மிருதங்கம் கற்கும் மாணவி, திருவையாறு

அதிர்வெண் கருவி அளப்பது, வினாடிக்கு எத்தனை அதிர்வு என்று, அலகு ஹெர்ட்ஸ். சுருதி அதையே காது உணரும் விதம். ஓங்கி அடித்தால் கூடுவது வீச்சு, சுருதி இல்லை. திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன், ஒளிச்சிதறலுக்கு வருவதற்கு முன்பே, 1920-ல், நம் தோல் வாத்தியங்களைப் பற்றி எழுதினார். சாதாரணத் தோலைத் தட்டினால் அடிப்படை ஒலியோடு கூடவே எழும் மேல் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது, சத்தம்தான் வரும். வலந்தலையில் (மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலில்) நடுவில் இருக்கிறதே கறுப்புச் சாதம், அந்தக் கனம் அவற்றை அடிப்படை அதிர்வெண்ணின் முழு எண் மடங்குகளுக்குக் கொண்டுவந்து நாதமாக்குகிறது. தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ஈர ரவை அப்புவதும் நிறையைக் கூட்டி அதிர்வெண்ணைக் குறைக்கத்தான். கச்சேரி முடிந்து ரவையைச் சுரண்டுகிற நேரத்தில், சுரண்டுவதற்கு முன்னால் ஒரு தட்டு, பின்னால் ஒரு தட்டு தட்டிப் பார்க்க உங்கள் வாத்தியாரிடம் அனுமதி கேள்.