அப்பா பெயரில் ஒரு மரம்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: அப்பா போய் ஓராண்டு ஆகப்போகிறது. பறவை பார்ப்பதென்றால் அவருக்கு உயிர். அவர் நினைவாக ஓர் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு நன்கொடை தர நானும் தம்பியும் நினைக்கிறோம். மரக்கன்று, பெஞ்ச், காட்டில் ஒரு பகுதி, நினைவு நிதி என்று பல வழிகள் சொல்கிறார்கள். தம்பிக்குப் பெயர்த்தகடு மாட்டிய மரம்தான் வேண்டும். எது நல்லது? தங்கை திருமணத்துக்கும் பரிசுக்குப் பதில் இப்படிச் செய்யச் சொல்லலாமா?

பதில்: முதலில் நீங்கள் இருவரும் ஒன்றைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது போய் உட்கார ஓர் இடமா, அல்லது அப்பா பெயரில் ஒரு வேலை நடப்பதா? ஒரே ரசீதில் இரண்டும் கிடைப்பது அபூர்வம். பின்னால் வரும் மனக்கசப்பு பெரும்பாலும் இதைப் பேசாமல் விட்டதால்தான்.

பல அமைப்புகளில் ‘உங்கள் மரம்’ என்பது ஓர் அடையாளம் மட்டுமே. சான்றிதழில் பெயர் இருக்கும், பணம் காட்டின் பராமரிப்புக்கோ பொது நிதிக்கோ போகும். இதுதான் அந்த மரம் என்று யாரும் கைகாட்ட மாட்டார்கள். இது ஏமாற்று வேலை அல்ல. காடு வளர்ப்பவர்கள் ஹெக்டேருக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று கன்றுகளை நெருக்கி நடுவார்கள். சில காயும், சிலவற்றை மான் கடிக்கும். பிழைத்ததிலும் ஒரு பங்கைச் சில ஆண்டுகள் கழித்து அவர்களே வெட்டிக் கலைப்பார்கள். மற்றவை பருக்க இடம் வேண்டுமே. அந்த வெட்டில் போனது அப்பா பெயரிட்ட கன்றாக இருந்தால்? இந்தச் சிக்கல் இல்லாத ஏற்பாடும் உண்டு. பிரிட்டனில் 1972-ல் தொடங்கிய உட்லேண்ட் டிரஸ்ட் என்ற காடு காக்கும் அறக்கட்டளை போன்றவை, ஏற்கெனவே நிற்கும் காட்டின் மரங்களையே ஒருவர் நினைவாக அர்ப்பணிக்க வழி தருகின்றன.

தம்பி கேட்கும் தகடு விஷயத்துக்கு வருவோம். பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளர்திசு தொடர்ந்து புது அடுக்குகளைப் போட்டு மரத்தைப் பருக்க வைக்கிறது. தகட்டைக் கட்டிய கம்பி பருக்காது. சில ஆண்டுகளில் அது பட்டைக்குள் புதைந்து, இலையில் தயாரான சர்க்கரை வேருக்கு இறங்கும் வழியை நெரித்துவிடும். ஆணி அடித்தால் இன்னொரு கதை: மரம் தகட்டையே மெல்ல விழுங்கும், ஓரத்து எழுத்திலிருந்து பெயர் மறையும். தகடு வேண்டும் என்றால் பக்கத்தில் தனிக் கம்பத்தில் வைப்பார்களா என்று கேளுங்கள். பெஞ்ச் இதைவிடச் சுலபம், ஆனால் பல இடங்களில் அதற்குக் கெடு உண்டு. பெஞ்ச் உளுத்துப்போனால் தகடு யாரிடம் வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், அப்பா பறவைப் பிரியர் என்பதால் மரத்தை மறந்துவிட்டு, அவர் ரசித்த பறவை வாழும் இடத்துக்குக் கொடுங்கள். அது சதுப்பு நிலமாக இருக்கலாம், புல்வெளியாக இருக்கலாம். புல்வெளியில் மரம் நட்டால் தரையில் கூடு கட்டும் பறவைகள் இடத்தைக் காலி செய்துவிடும். முழுதாக மக்காத தாவரங்கள் படிந்த, பீட் எனப்படும் சேற்று நிலங்கள் உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் எல்லாக் காடுகளின் மரம் செடிகளும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பன் அங்கே இருக்கிறது. இதையெல்லாம் காக்கும் வேலைக்கு நன்கொடையாளர் குறைவு, போட்டோவில் அழகாக விழாதே! பணம் தரும்போது, ‘இந்த இடத்தின் பராமரிப்புக்கு மட்டும்’ என்று குறிப்பிட முடியுமா என்று கேளுங்கள். முடியாது, பொது நிதிக்குத்தான் என்றால் அதுவும் சரிதான், தெரிந்தே கொடுக்கிறீர்கள்.

கன்றுதான் என்று முடிவானால், நினைவு நாளுக்கே நட வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். குளிர் நாடுகளில் இலை உதிர்ந்து மரம் உறங்கும் மாதங்களிலும், பருவமழை பெய்யும் நாடுகளில் மழை தொடங்கும்போதும் நட்டால்தான் வேர் பிடிக்கும். அன்றைக்குச் சான்றிதழ் கைக்கு வந்தால் போதும். அஸ்தியைக் கன்றின் குழியில் கொட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதில் உப்பும் காரத்தன்மையும் அதிகம், இளம் வேர் தாங்காது.

திருமணத்துக்கு இது இன்னும் எளிது. அழைப்பிதழில் ஒரு வரி, அறக்கட்டளையின் நன்கொடைப் பக்கத்துக்கு ஒரு இணைப்பு. யார் எவ்வளவு தந்தார்கள் என்பதை மணமக்களுக்கு அனுப்ப வேண்டாம் என்று மட்டும் அறக்கட்டளையிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கத் தங்கையிடம் சொல்லுங்கள்.

அப்புறம், தகட்டிலோ சான்றிதழிலோ பெயர் தமிழில் வர வேண்டும் என்றால், பொறிப்பதற்கு முன் மாதிரிப் படம் கேட்டு வாங்குங்கள். தமிழ் எழுத்துரு சரியாக இல்லாத இயந்திரத்தில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியே பறக்கும். உலோகத்தில் வெட்டிய பிறகு திருத்த முடியாது.