விசுவமடுவிலிருந்து மலைநாட்டுக்கு, சைக்கிளில்

வணக்கம் அண்ணா,

நான் விசுவமடுவில் இருக்கிறேன், வயது இருபத்திநாலு. லீவு கிடைத்தால் என் கூட்டாளிமார் வான் பிடித்து நக்கிள்ஸ், சிவனொளிபாதமலை என்று போய்வருவார்கள். இந்தமுறை நானும் சிவனொளிபாதமலைக்குப் போனேன். ஏறும்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது இரண்டு காலும் நடுங்கி, கடைசியில் ஆட்கள் பிடித்துத்தான் இறக்கினார்கள். வன்னியில் ஏறிப் பழக ஒரு மேடுகூட இல்லையே, நாங்கள் எங்கே பழகுவது? குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை பக்கம் போய்ப் பழகலாமா?

இன்னொரு ஆசையும் இருக்கிறது. என்னிடம் இருப்பது சாதாரண லுமாலா சைக்கிள். அதிலேயே மலைநாடுவரை போகவேண்டும் என்றால் எல்லோரும் சிரிக்கிறார்கள். என் அப்பாயி 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். "நாங்க ஏறாத மலையா, அங்க போய் என்னத்தப் பாக்கப் போற" என்று அவரும் சிரிக்கிறார்.

ந., விசுவமடு

அன்புள்ள தம்பி,

போகலாம். உங்கள் வீட்டுப் படலையிலிருந்து மிதித்து, அந்த லுமாலாவிலேயே மலைநாடுவரை தாராளமாகப் போகலாம். ஒருமுறையாவது அப்படித்தான் போகவேண்டும் என்று நினைக்கிறவன் நான். அதற்கு முதல் உங்கள் காலைப் பார்ப்போம்.

ஏற்றத்தில் தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறக்கத்தில் அதே தசை உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளவேண்டும். அப்படி இழுபட்டபடி வேலை செய்யும்போதுதான் அதில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. நடுக்கம் அன்றைக்கே வரும், நோவு மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும். சமதரையில் எவ்வளவு நடந்தாலும் ஓடினாலும் தசைக்கு இந்த வேலை பழகாது. வயலில் உரமேறிய கால்களும் மலையிறக்கத்தில் நடுங்குவது இதனால்தான். உங்களுக்குப் பலம் போதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தசை இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். போவதற்கு முந்திய சில வாரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கம் பழகினால், அடுத்தமுறை நோவு நன்றாகக் குறைந்திருக்கும்.

மேடு இல்லை என்கிறீர்கள். குளக்கட்டு இருக்கிறதே! கல்மடுக் குளமோ உடையார்கட்டுக் குளமோ உங்களுக்குப் பக்கம்தான். குளிக்க இறங்கும் படிக்கட்டு உள்ள இடத்தில், பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு, முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பையைப் போட்டுக்கொண்டு ஏறி இறங்குங்கள். ஏறுவது உங்கள் விருப்பம்போல. இறங்கும்போது மட்டும் ஒவ்வொரு படிக்கும் மனதுக்குள் மூன்று எண்ணி, முழங்காலை மெல்ல மடக்கி இறங்கவேண்டும். வேகமாக இறங்கினால் பாரம் மூட்டில் போய் அடிக்கும், தசைக்குப் பயிற்சி குறையும். ஒன்றுவிட்டொரு நாள் செய்தால் போதும். படிக்கட்டை விட்டுக் கட்டின் மண்சரிவில் ஏறி இறங்க வேண்டாம். கால்தடம் விழுந்து புல் செத்தால், மாரியில் அந்தத் தடத்தாலேயே தண்ணீர் ஓடிக் கட்டை அரிக்கும். அந்தக் கட்டுக்குக் கீழேதான் எத்தனையோ பேரின் வயல் கிடக்கிறது.

குருந்தூர்மலைக்கும் வெடுக்குநாறிமலைக்கும் பயிற்சிக்காகப் போகாதீர்கள். கும்பிடப் போவதென்றால் ஊராட்களோடு கோயில் நாளில் போங்கள். இரண்டும் உயரத்தில் சிறியவை. இரண்டிலும் தொல்லியல் சின்னங்கள் இருக்கின்றன, இரண்டையும் சுற்றி வழிபாட்டு உரிமைக்காக மக்கள் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பாறையில் தொற்றி விளையாடுவது சரியில்லை. பொதுவாகவே நம்முடைய காடுகளில் ஆட்கள் நடமாடும் பாதையை விட்டு விலகவேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்தால் அதற்கப்பால் ஓர் அடியும் வைக்கக்கூடாது. பலகை விழுந்து கிடக்கும் இடங்களும் உண்டு. இருட்டினால் யானை. பாலைப்பழக் காலத்தில் பகலிலும் கரடி வரும்.

இனி சைக்கிள். கிளிநொச்சியில் 155ம் கட்டை என்று சொல்கிறோமே, அது கண்டியிலிருந்து எண்ணிய மைல். அதாவது ஏறக்குறைய 250 கிலோமீற்றர். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம். சராசரியாகப் பார்த்தால் ஒரு கிலோமீற்றருக்கு இரண்டு மீற்றர்தான் ஏற்றம். அதிலும் பெரும்பங்கு தம்புள்ளைக்கு அப்பால்தான் வருகிறது. பரந்தனில் ஏ-9 வீதியைப் பிடித்து, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மிதித்தால், மாங்குளம், கனகராயன்குளம், ஓமந்தை, வவுனியா என்று வீதி உங்களை ஏமாற்றாமல் மெதுவாகத் தூக்கிக்கொண்டே போகும். வானில் போகிறவர்களுக்கு அது தெரியாது. முதிரையும் பாலையும் எங்கே குறைகின்றன, காற்றில் ஈரம் எந்த இடத்தில் ஏறுகிறது, முதல் மலை எந்தத் திருப்பத்தில் தெரிகிறது என்பதெல்லாம் மிதித்துப் போகிறவருக்குத்தான் கிடைக்கும்.

சைக்கிளில் செய்யவேண்டியது அதிகமில்லை. பின்சில்லில் 18 பல்லு பிறீவீல் இருந்தால் கழற்றிவிட்டு 22 பல்லுக் கேட்டுப் போடுங்கள். செயினுக்கு ஒன்றிரண்டு கண்ணி கூட வேண்டிவரும், கடையில் சொன்னால் செய்து தருவார்கள். சமதரையில் வேகம் கொஞ்சம் குறையும், ஏற்றத்தில் முழங்கால் தப்பும். பிறேக் கட்டைகள் நாலும் புதிதாக இருக்கட்டும். மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையிலுள்ள பலகடுவை ஏற்றத்தில் வெட்கப்படாமல் இறங்கித் தள்ளுங்கள். இறக்கத்தில் இரண்டு பிறேக்கையும் சேர்த்து, விட்டுவிட்டுப் பிடியுங்கள், இடையிடையே நின்று, சில்லு சூடாகியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

காலம் முக்கியம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், தெற்கே போகிற உங்களுக்கு முழுவதும் எதிர்க்காற்று. ஐப்பசி தொடங்கித் தை வரை நம் பக்கம் மழை. மாசி, பங்குனிதான் சரி. சிவனொளிபாதமலைக்கும் அப்போது பருவகாலம்: மார்கழிப் பூரணையில் தொடங்கி வெசாக் வரை. குளிருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறரை பாகை குறையும். 2,243 மீற்றர் உச்சியில் கடற்கரையை விடப் பதினாலு பாகை குறைவு. விசுவமடுவில் விடியப்புறம் சாரத்தோடு நிற்கிறவருக்கு அங்கே நல்ல சுவெற்றர் ஒன்று கட்டாயம்.

முதல் தடவையே கண்டிவரை போகவேண்டுமென்றும் இல்லை. நமக்குக் கிட்டிய உண்மையான மலை ரிட்டிகல, 766 மீற்றர். மரதன்கடவலையில் ஏ-9ஐ விட்டு ஹபறணை வீதியில் திரும்பவேண்டும். சுற்றிலும் காய்ந்த காடு, அதன் நடுவே உச்சியில் மட்டும் மேகம் தங்கும், அங்கே மரங்களே வேறு. அடிவாரத்தில் பழைய பிக்குகளின் மடம், கல் பாவிய பாதை, பெரிய குளம். மேல்பகுதி இயற்கை ஒதுக்கம் என்பதால் அனுமதியில்லாமல் ஏற விடமாட்டார்கள், கல்பாதை முடியும்வரை நடந்தாலே போதும். நம்முடைய அருவியாறு அந்தப் பக்கத்து மலைகளில்தான் பிறக்கிறது. அனுராதபுரத்தைக் கடந்து, தேக்கம் என்ற அணைக்கட்டில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்துக்குத் தண்ணீர் கொடுத்து, மிச்சம் அரிப்பு என்ற ஊரில் கடலில் விழுகிறது. மன்னாரில் நெல் விளைவதற்கு அந்த மலையும் ஒரு காரணம்.

அப்பாயியிடம் வருகிறேன். அவர் சிரிப்பதற்கு முழு உரிமையும் உள்ளவர். கூடையை முதுகில் போட்டு, மழையிலும் அட்டைக்கடியிலும் தேயிலைச் சரிவில் ஏறி இறங்கிய கால் அது. உங்கள் வீட்டில் மலை தெரிந்த ஆள் அவர்தான். சரிவில் பாதத்தை எப்படிக் குறுக்காக வைப்பது, அட்டைக்கு என்ன பூசுவது என்று அவரிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

மதவாச்சியில் ஒருமுறை சைக்கிளை நிறுத்துங்கள். வலப்பக்கமாக வந்து சேர்வது மன்னார் வீதி. 1820களிலிருந்து தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, ஏறக்குறைய அந்த வழியாகத்தான் காட்டுக்குள்ளால் மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 2023இல், இருநூறு ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்களும் அவர்களோடு நின்றவர்களும் திரும்ப நடந்தார்கள். 77இல் உங்கள் அப்பாயி அடிபட்டு வடக்கே வந்தார். அவர் பேரன், அன்று நடந்து வந்தவர்கள் போன அதே திசையில், தெற்கே மிதித்துப் போவதை நான் விளையாட்டாகப் பார்க்கவில்லை.

கண்டியில் ஹந்தானையிலிருந்து நுவரெலியாவரை பழைய தோட்டப் பாதைகளை இணைத்து பெக்கோ ட்ரெயில் என்று 300 கிலோமீற்றருக்கு மேல் நடைபாதை அமைத்திருக்கிறார்கள், 22 பகுதிகளாக. வெளிநாட்டார் நிறையப் பேர் நடக்கிறார்கள். நீங்களும் ஒரு பகுதி நடவுங்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை ஒட்டிப் போகும்போது கமராவைப் பையில் வைத்துவிடுங்கள், வாசலில் இருப்பவர்களோடு ஒரு வார்த்தை பேசுங்கள்.

ஆனால் முதலில் நாவலப்பிட்டி. அப்பாயியிடம் தோட்டத்தின் பெயர், டிவிசன், லயம் எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அநேகமான தோட்டங்களுக்கு இரண்டு பெயர் இருக்கும். வரைபடத்தில் ஆங்கிலப் பெயர் இருக்கும், அங்கே வழி சொல்கிற ஆட்களுக்குத் தமிழ்ப் பெயர்தான் வாயில் வரும். இரண்டும் வேண்டும். தெரிந்த வீடு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது, பிறீவீலை இப்போதே மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணா
வவுனியா