கைக்குப் பொருந்தும் கிரிப்: ஏர் பிஸ்டல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே கிரிப்பை, அதாவது பிஸ்டலின் கைப்பிடியைப் பற்றியவை. அதில் எனக்குச் சந்தோஷம்தான். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். ஃப்ரண்ட் சைட் (குழலின் முனையில் குறிபார்க்க நிற்கும் மேடு) ரியர் சைட்டின் (பின்பக்கத்தில் குறிபார்க்கும் தகடு) பள்ளத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால், இலக்கு அட்டையில் குண்டு ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் தள்ளிப் போய் விழும். பத்தாக வேண்டியது ஏழாகிவிடும். அந்த ஒரு மில்லிமீட்டரைத் தீர்மானிப்பதில் கிரிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அண்ணாச்சி, கண்ணை மூடிக் கையை நீட்டி, திறந்து பார்த்தால் எப்போதும் ஃப்ரண்ட் சைட் இடப்பக்கமாகவே நிற்கிறது. மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்துதான் சுடுகிறேன். கால் வைக்கும் கோணத்தை மாற்றியும் பயனில்லை. — கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

தம்பி, சோதனையைச் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். ஆனால் இரண்டு வேறு குறைகளை ஒன்றாக எண்ணிவிட்டீர்கள். இரண்டு சைட்டும் ஒன்றுக்கொன்று நேராக நின்று, மொத்தப் பிஸ்டலும் இலக்கை விட்டுப் பக்கவாட்டில் காட்டினால் அது காலின் பிரச்சினை. பாதத்தை நகர்த்தினால் தீரும். சைட் இரண்டுமே தங்களுக்குள் விலகி நின்றால் அது கிரிப்பின் பிரச்சினை. அதற்குக் காலை எவ்வளவு நகர்த்தினாலும் பயனிருக்காது.

மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்வதை இன்றே நிறுத்துங்கள். முதல் பத்து ஷாட்டுக்கு அது வேலை செய்யும். ஒரு போட்டியில் 60 ஷாட், 75 நிமிடம். நாற்பதாவது ஷாட்டில் மணிக்கட்டு களைத்து, தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

பல மாடல்களில் கிரிப்பைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தினால் கிரிப்பைக் கொஞ்சம் திருப்பவும் சாய்க்கவும் இடமிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். அது போதாவிட்டால் அரத்தை எடுக்காதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் துணிப் பிளாஸ்திரியை எடுங்கள். நீங்கள் வலக்கைக்காரர் என்று எடுத்துக்கொள்கிறேன். உள்ளங்கையின் அடிப்பகுதி படும் இடத்தில், கிரிப்பின் வலப்புறப் பின்பக்கம் இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள். கை அந்த மேட்டைத் தள்ளும்போது கிரிப்பின் பின்பகுதி இடப்புறம் நகரும், குழலின் முனை வலப்புறம் திரும்பும். மறுபடி கண்ணை மூடித் திறந்து பாருங்கள். சைட் நேரானால் எங்கே, எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. தப்பான இடமென்றால் பிளாஸ்திரியை உரித்துவிட்டு வேறிடம் பார்க்கலாம். அரம் போட்ட மரத்தை அப்படி மீட்க முடியாது.

ஒரு வாரமாவது பிளாஸ்திரியோடு சுட்ட பிறகே நிரந்தர வேலையைத் தொடங்குங்கள்.

மகளுக்கு 13 வயது. கிளப்பில் எல்லோரும் சுடும் எம் சைஸ் கிரிப்தான் இருக்கிறது. டிரிக்கரில் விரல் நுனிதான் படுகிறது. கிரிப்பைச் செதுக்கிச் சின்னதாக்கலாமா? — அம்பாசமுத்திரம்

செதுக்குவதற்கு முன்னால் டிரிக்கரைப் பாருங்கள். போட்டி ஏர் பிஸ்டல்களில் டிரிக்கர் பிளேடை முன்னும் பின்னும் நகர்த்தலாம். அதைக் கடைசிவரை பின்னால் கொண்டுவந்து, விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதைப்பகுதியின் நடுவில் பிளேடு படுகிறதா என்று பாருங்கள். அந்த விரலின் மற்ற பகுதி கிரிப்பையோ சட்டத்தையோ (கிரிப் மாட்டியிருக்கும் பிஸ்டலின் உடல்) தொடக் கூடாது. நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும். தொட்டால், இழுக்கும்போது பிஸ்டலும் பக்கவாட்டில் நகரும்.

அதற்கும் எட்டவில்லை என்றால் எஸ் சைஸ் கிரிப் வாங்குவதே நல்லது. பெரிய கிரிப்பைச் சின்னதாக்குவதில் ஒரு எல்லை உண்டு. உள்ளே சட்டம் நுழையும் குழியும் திருகுத் துளையும் இருக்கும். வெளியே செதுக்கச் செதுக்க அந்தச் சுவர் மெலிந்து ஒரு நாள் விரிசல் விடும். குழந்தை எட்டாத கிரிப்பில் ஒரு வருடம் பழகினால், அண்ணன் செருப்பைப் போட்டு நடக்கப் பழகிய பிள்ளை மாதிரி, பிற்பாடு சரியானது கிடைத்தாலும் பழைய நடைதான் வரும். கிளப் கிரிப் பொதுச் சொத்து என்பதையும் மறக்க வேண்டாம். கோச்சைக் கேட்காமல் அதில் உப்புத்தாள்கூடப் போடாதீர்கள்.

எம்-சீல் வைத்துக் கையின் அச்சை எடுத்துவிடலாம் என்கிறார்கள். எப்படிச் செய்வது? — வள்ளியூர்

செய்யலாம். எபாக்ஸி புட்டியை உலகெங்கும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவசரப்படுகிறவர்களுக்கு இது ஆகாது.

பிஸ்டலில் குண்டு இல்லை என்று உறுதி செய்து, காற்று சிலிண்டரைக் கழற்றி, அப்புறம் கிரிப்பைத் தனியாகக் கழற்றுங்கள். புட்டி வைக்கும் இடத்தில் வார்னிஷ் போகும்வரை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வழவழப்பான பரப்பில் புட்டி ஒட்டாது. திருகுத் துளையிலும் சட்டம் நுழையும் குழியிலும் வாசலின் தடவிவிடுங்கள். மெல்லிய கையுறை போட்டுக்கொண்டு புட்டியைப் பிசையுங்கள். எபாக்ஸி சிலருடைய தோலில் அலர்ஜியைக் கிளப்பும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் அரிக்கும்.

தேவையான இடத்தில் மட்டும் வைத்து, மேலே மெல்லிய பாலித்தீன் தாளைப் போர்த்தி, கிரிப்பைப் பிஸ்டலில் மாட்டி, சுடும் நிலையில் நின்று வெறும் சுவரைப் பார்த்துப் பிடியுங்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நல்ல அச்சு விழட்டும் என்று இறுக்கிப் பிசைந்துவிடுவார்கள். இறுக்கிப் பிடித்து எடுத்த அச்சு, இறுக்கிப் பிடித்தால் மட்டுமே பொருந்தும். போட்டியில் நீங்கள் பிடிக்கும் அளவுக்கே பிடியுங்கள்: நடுவிரலும் மோதிர விரலும் நேராகப் பின்னோக்கி இழுக்க, சுண்டுவிரல் சும்மா கிடக்க, கட்டைவிரல் அழுத்தாமல் இருக்க வேண்டும்.

அச்சு விழுந்ததும் கையை எடுத்துவிட்டு இரவு முழுக்க இறுக விடுங்கள். நம்மூர் மே மாத வெயிலில் புட்டி சீக்கிரமே இறுகத் தொடங்கும்; காலை நேரத்தில் செய்வது வசதி. மறுநாள் 120, அப்புறம் 220 நம்பர் தாளால் மேடுகளைத் தணியுங்கள். எபாக்ஸித் தூளும் மரத்தூளும் நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் கட்டாயம். தேய்க்கும்போது கிரிப் பிஸ்டலில் இருக்கவே கூடாது. தூள் உள்ளே போனால் டிரிக்கர் கெடும்.

முழுக் கைக்கும் ஒரே நாளில் புட்டி வைக்காதீர்கள். உள்ளங்கைக் குழியை முதலில் நிரப்பி, சில நாள் சுட்டுப் பார்த்து, பிறகு அடுத்த இடம். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கையின் அடியில் இருக்கும் ஷெல்ஃபை எவ்வளவு இறுக்கமாக வைக்க வேண்டும்? — தென்காசி

கையின் கீழ் ஓரத்தைத் தொட வேண்டும், நெரிக்கக் கூடாது. கை சூட்டில் உப்பும். குற்றாலச் சாரலில் சரியாக இருக்கும் ஷெல்ஃப், திருநெல்வேலி வெயிலில் அரை மணி நேரம் சுட்ட கைக்கு இறுக்கமாகிவிடும். அதனால் பயிற்சியின் நடுவில், கை சூடான பிறகு வைத்துப் பாருங்கள்.

விதியும் உண்டு. ஷெல்ஃப் கிரிப்பிலிருந்து 90 டிகிரிக்குக் குறையாமல் நீள வேண்டும். மேல்நோக்கி வளைந்து கையைக் கவ்வக் கூடாது. மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும், கிரிப்பின் எந்தப் பகுதியும் கையைத் தாண்டித் தொடக் கூடாது.

எங்கள் ஊர் ஆசாரியிடம் தேக்கில் புதுக் கிரிப் செய்யலாமா? வால்நட் விலை அதிகம். — கல்லிடைக்குறிச்சி

தாராளமாக. மரத்தைக் கடைசலில் பிடித்துச் செப்புச் சாமான் செய்யும் கைகள் இருக்கும் வட்டாரம் உங்களுடையது, கைத்திறனுக்குக் குறைவில்லை. வால்நட்டை விரும்புவது அது அளவு மாறாமல் நிற்கும், செதுக்கினால் விளிம்பு உடையாது என்பதால். நன்றாகக் காய்ந்த தேக்கும் அளவு மாறாமல் நிற்கும். இடித்த பழைய வீட்டின் நிலையிலோ உத்தரத்திலோ எடுத்த தேக்கு என்றால் இன்னும் நல்லது. பச்சை வாடை போகாத மரம் வேண்டாம். தேக்கில் எண்ணெய் இருப்பதால் பிற்பாடு புட்டி வைக்கும்போது அசிட்டோனால் துடைத்துவிட்டு வையுங்கள்.

ஆசாரிக்கு மாதிரியாகப் பழைய கிரிப்பைக் கொடுங்கள். உள்ளே இருக்கும் குழிதான் கடினமான பகுதி. அது சட்டத்தில் ஆடாமல் உட்கார வேண்டும். ஆடுகிற கிரிப்பில் வெளிவடிவம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. பிஸ்டலைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், கூடவே இருந்து பொருத்திப் பாருங்கள்.

கை வேர்த்து வழுக்குகிறது. — மேலப்பாளையம்

பளபளப்பு வார்னிஷை எடுத்துவிடுங்கள். விரல் படும் இடங்களில் கூரான இரும்புப் பஞ்ச் (punch) கருவியால் நெருக்கமாகச் சின்னப் புள்ளிகள் குத்தினால் பிடிப்பு வரும். ஷாட்டுகளுக்கு நடுவே துண்டால் கையையும் கிரிப்பையும் துடையுங்கள். மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் பூசினால், பூசிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

இடக்கைக்காரன் நான். வலக்கைக் கிரிப்பை மாற்றியமைக்க முடியுமா? — களக்காடு

வேண்டாம். மேடு இருக்க வேண்டிய இடமெல்லாம் பள்ளமாக இருக்கும். இடக்கைக் கிரிப் தனியாகவே விற்கிறார்கள்.

3டி பிரிண்டரில் கிரிப் அடிக்கலாமா? — வண்ணார்பேட்டை

நல்ல வழி, அளவு பிசகினால் இன்னொன்று அடித்துக்கொள்ளலாம். பிஎல்ஏ பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம். அது 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகும். மதியத்தில் பூட்டிய காருக்குள் வைத்தால் வடிவம் போய்விடும். பிஇடிஜி அதைவிடச் சூடு தாங்கும்.

அப்பாவின் லைசென்ஸ் ரிவால்வரின் பிடியை இதே முறையில் மாற்றலாமா? — நாங்குநேரி

இங்கே சொன்னவை எல்லாம் போட்டிக்கான ஏர் பிஸ்டலுக்கு. ரிவால்வரை நீங்கள் தொட வேண்டாம். லைசென்ஸ்காரரான அப்பாவே, உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் கொண்டுபோய்க் காட்டட்டும்.

மாநிலப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கிறது. கிரிப்பில் இன்னும் கொஞ்சம் திருத்தம் மிச்சம். செய்யட்டுமா? — சேரன்மகாதேவி

இப்போது வேண்டாம். கை புது வடிவத்துக்குப் பழகுவதற்குள் போட்டி வந்துவிடும். ஏற்கெனவே செய்த மாற்றங்கள் விதிக்குள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்: பிஸ்டல் மொத்தம் 1500 கிராமுக்குள், 420 x 200 x 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். புட்டி சேர்த்தவர்கள் தவறுவது அந்த 50 மில்லிமீட்டரில்தான். அட்டையில் அதே அளவுக்கு ஒரு பெட்டி செய்து, ஷெல்ஃப் மாட்டிய நிலையில் வீட்டிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள். மிச்சத் திருத்தத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள், போட்டி முடிந்த மறுவாரம் எடுத்துக்கொள்ளலாம்.